நீலக் கயிற்றுப் பெட்டி

பெங்களூருக்கு நான் ஊர் பார்க்கப் போகவில்லை. ஒரு நாற்றம் எங்கிருந்து கிளம்புகிறது என்று பார்க்கப் போனேன்.

கடலூருக்குத் தெற்கே, முகத்துவாரம் பாதி தூர்ந்துபோன ஒரு சின்ன மீன்பிடித் துறை எங்களுடையது. பெண்கள் சேர்ந்து ஒரு குழு வைத்திருக்கிறோம். ஏலத்தில் மீன் எடுத்து, ஐஸ் போட்டுப் பெட்டி கட்டி, பெங்களூர் சிவாஜிநகர் மார்க்கெட்டில் ஒரு பாய் கடைக்கு நேராக அனுப்புகிறோம். நடுவில் கம்பெனிக்காரன் கிடையாது. அவன் துறைக்கு வந்து வைத்ததுதான் விலை என்று இருந்த காலத்தில் நாங்கள் பட்டது போதும். நான் அந்தக் குழுவின் செயலாளர், பெயர் ராஜாத்தி.

பெட்டி கட்டுகிற ஒவ்வொருத்திக்கும் ஒரு நிறத்தில் கயிறு. அஞ்சலைக்கு நீலம். கொஞ்ச காலமாக பாய் கடையிலிருந்து புகார் வந்துகொண்டிருந்தது. நீலக் கயிற்றுப் பெட்டி நாறுகிறதாம். அதுவும் தினமும் இல்லை, வாரத்தில் ஏதோ ஒரு நாள். குழுவில் பேசி முடித்துவிட்டார்கள்: இன்னொரு புகார் வந்தால் அஞ்சலை இனிமேல் கொட்டகைக்கு வர வேண்டாம். அவள் புருஷன் துறையில் பெட்டி தூக்கித் தூக்கி முதுகு போய் வீட்டில் கிடக்கிறார். இந்தக் கொட்டகையை விட்டால் அவளுக்கு வேறு போக்கிடம் இல்லை.

கூட்டத்தில் அவள் தலையைக் குனிந்துகொண்டு, "நான் நல்ல மீன்தாங்க்கா வைக்கிறேன்" என்றாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. இப்படிப் பேசாமல் இருப்பவர்களை எனக்கு எப்போதுமே நம்ப வராது. ஆனால் ஒரே கை, ஒரே ஐஸ், ஒரே வண்டி. ஒரு நாள் நாறி, மறுநாள் நாறாமல் இருக்குமா? வழியில் எவனோ கை வைக்கிறான். டிரைவரா, பாயா, பெட்டி இறக்குகிறவனா என்பதுதான் தெரிய வேண்டும். நான் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன், அதுவரை யாரும் வாய் திறக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

பெங்களூருக்குள் நுழையும் முன்னே, பொம்மசந்திராவில் பஸ் படுத்துவிட்டது. விடிந்து வெளிச்சம் வந்திருந்தது. ரோட்டின் இரண்டு பக்கமும் தொழிற்சாலைகள், கழுத்தில் அட்டை தொங்க சாரிசாரியாகப் போகிற ஆட்கள். கன்னட ஊர் என்று பயந்துகொண்டு இறங்கினால் பாதிப் பேர் தமிழ் பேசுகிறார்கள். ஒருவர் என் பையைப் பார்த்துவிட்டு, "இது இப்ப ஆவாதுக்கா. அந்தாண்ட போயி சிட்டி பஸ் புடிச்சிடுங்க" என்றார். கேட்காமல் வழி சொல்கிறவர் என்றால் கவனமாக இருக்க வேண்டும். பையை மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்தேன். என்னோடு வந்தவர்கள் எல்லோரும் அவர் காட்டிய பக்கம் போய்ச் சேர்ந்த பிறகும் நான் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் எங்கள் டிரைவரே வந்து, "ஏம்மா, இங்கியே குடி இருக்கப் போறியா?" என்று கேட்டார்.

பஸ் வருவதற்குள் ஓரக் கடையில் இட்லி சாப்பிட்டேன். இட்லி பஞ்சாக இருந்தது, குறை சொல்ல முடியாது. சாம்பாரில் வெல்லம். இனிப்பைப் போட்டு எதை மறைக்கிறார்கள் என்று கிளறிக் கிளறிப் பார்த்தேன். கத்தரிக்காய்தான் இருந்தது.

சிட்டி பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று என் காதில் விழுந்ததும் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தேன். எங்கள் ஊரிலும் டவுன் பஸ்ஸில் அப்படித்தானே. கண்டக்டர் ஆதார் கேட்டார். பார்த்தார். சிரித்தார். கர்நாடகத்துப் பெண்களுக்கு மட்டும்தானாம். அந்த பஸ்ஸிலேயே காசு கொடுத்துப் போன ஒரே பெண் நான்தான். பக்கத்து சீட்டுப் பெண் என்னைப் பரிதாபமாகப் பார்த்தது இன்னும் எரிச்சலாக இருந்தது.

தங்கியது ஸ்ரீராம்புரத்தில், என் சின்னம்மா மகள் மல்லிகா வீட்டில். கல்யாணமாகி வந்து இங்கேயே ஊன்றிவிட்டவள். மாநகராட்சியில் தெருக் கூட்டுகிற வேலை. ஒரே அறை வீடு. சந்தில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். மீன் குழம்பு வைத்திருந்தாள். வாயில் வைத்ததும் தெரிந்துவிட்டது, கடல் மீன் இல்லை.

"ஏரி கட்லாக்கா. கண்ணெதிர்லயே வெட்டிக் குடுக்கிறான். உங்க கடல் மீனு இங்க வர்றதுக்குள்ள கிழவியாயிடுது. சும்னே சாப்பிடு" என்றாள். பேசாமல் என்பதற்கு இங்கே அப்படி ஒரு கன்னடச் சொல். எங்கள் மீனைக் கிழவி என்றதில் எனக்குச் சுருக்கென்றது. எந்த ஏரி, அதில் எந்தச் சாக்கடை விழுகிறது என்று விசாரித்தேன். "அதெல்லாம் கேட்டா பெங்களூர்ல தண்ணி கூட குடிக்க முடியாதுக்கா" என்றாள். இரண்டாம் தடவை குழம்பு ஊற்றிக்கொண்டதை அவள் கவனித்துவிட்டாள்.

மறுநாள் விடியற்காலையில் மல்லிகா வேலைக்குப் புறப்படும்போது என்னைக் கூட்டிப்போய் சிவாஜிநகர் பஸ்ஸில் ஏற்றிவிட்டாள்.

கடலே இல்லாத ஊரில் இவ்வளவு மீன் நான் எதிர்பார்க்கவில்லை. மங்களூர் மீன், ஆந்திரா இறால், குஜராத்திலிருந்து உறைந்து கல்லாக வந்த மீன். எங்கள் கானாங்கெளுத்தியை இங்கே பங்குடே என்கிறார்கள். தமிழ், கன்னடம், உருது மூன்றும் ஒரே வாக்கியத்தில் வந்து போயின. மேலே பருந்துகள் வட்டமடித்தன, கீழே பூனைகள் உரிமையோடு உட்கார்ந்திருந்தன. கால் வைத்த இடமெல்லாம் ஐஸ் தண்ணீர். எங்கள் ஏலக்கூடத்துக் கூச்சல்தான், ஆனால் காற்றில் உப்பு இல்லை. அது என்னமோ எனக்கு ஒப்பவில்லை.

யார் என்று சொல்லிக்கொள்ளாமல், வீட்டுக்கு வாங்குகிறவள் மாதிரி பாய் கடையில் போய் நின்றேன். ஒரு வஞ்சிரத்தின் செவுளைக் கட்டைவிரலால் தூக்கி மோந்து பார்த்தேன். கல்லாவிலிருந்து பாய் எழுந்து வந்தார். வெள்ளைத் தாடி, கழுத்தில் மஃப்ளர்.

"வாங்கமா. எந்தத் துறை?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"வீட்டுக்கு வாங்குறவங்க கண்ணைப் பாத்துட்டுப் போயிடுவாங்கமா. செவுளைத் தூக்கி மோந்து பாக்குறவங்க கரையிலேர்ந்துதான் வருவாங்க."

இனி மறைத்துப் பயனில்லை. பெயரையும் ஊரையும் சொன்னேன். இஞ்சி டீயும் பன்னும் வந்தன. உபசாரம் பலமாக இருந்தால் உள்ளே ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். டீயை அவர் குடிக்கும்வரை காத்திருந்து நானும் குடித்தேன். போனில் படங்களைக் காட்டினார். நீலக் கயிறு, திறந்த மூடி, மேலே மஞ்சளாக வழிகிற நீர்.

"மீனை மாத்தி வெச்சுட்டுப் படம் எடுக்கலாமே" என்றேன்.

பாய் கோபப்படவில்லை. அதுவும் எனக்குச் சந்தேகமாக இருந்தது. "ஓட்டல்காரங்க மூடியைத் தொறந்ததும் மூஞ்சைத் திருப்பிக்கிறாங்கமா. எங்க வாப்பா காலத்துலேர்ந்து வந்த பேரு. உங்க பெட்டியை நாறடிச்சு எனக்கு இன்னா லாபம்? இன்னிக்குப் பெட்டி நல்லாதான் இருந்துச்சு. நாளைக்கு வண்டி வர்ற நேரத்துக்கு வந்து நீங்களே பாருங்க" என்றார்.

பேசிக்கொண்டிருக்கும்போது பெட்டி இறக்குகிற ஆள் ஒருவர் ஐஸ் சுமந்துகொண்டு எங்களைத் தாண்டிப் போனார். ஒல்லி, நாற்பது நாற்பத்தைந்து இருக்கலாம். பெயர் சின்னப்பன், தங்கவயல்காரர் என்று பாய் சொன்னார். தங்கச் சுரங்கம் மூடிய பிறகு இந்த ஊருக்கு வேலை தேடி வந்த எத்தனையோ பேரில் ஒருவர். "நீலக் கயிறு ஊர்க்காரம்மா" என்று என்னைக் காட்டியதும் அந்த ஆள் என் கண்ணைப் பார்க்காமல் நழுவினார். ஆள் கிடைத்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் நானே போய்க்கொள்கிறேன் என்று மல்லிகாவிடம் சொல்லிவிட்டேன். பஸ் நிறுத்தத்தில் ஒரு பெரியவர், "சிவாஜிநகரா? இது ஏறுங்க" என்று ஒரு பஸ்ஸைக் காட்டினார். கேட்காமலே வழி சொல்ல இன்னொருவர்! அடுத்ததில் ஏறினேன். அது யஷ்வந்தபுரம் போய் நின்றது. ஆட்டோ பிடித்து, மீட்டரையும் டிரைவரையும் மாறி மாறி முறைத்தபடி மார்க்கெட்டுக்கு வந்து சேர்ந்தபோது எங்கள் வண்டி வந்து பெட்டிகள் இறங்கிக்கொண்டிருந்தன.

அதுவும் நல்லதாகப் போயிற்று. நான் தூண் பக்கமாக வந்ததை யாரும் பார்க்கவில்லை. சின்னப்பன் நீலக் கயிற்றுப் பெட்டியை மட்டும் மற்றதிலிருந்து பிரித்து ஓரமாக இழுத்தார். கல்லாப் பக்கம் ஒரு பார்வை. கயிற்றை அவிழ்த்தார். மூடியைக் கொஞ்சமாகத் தூக்கி, உள்ளே கையை விட்டு எதையோ அள்ளினார்.

"திருடன்! பிடிங்க, பிடிங்க!" என்று கத்தியபடி பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். எங்கள் ஏலக்கூடத்தில் பழகிய தொண்டை. மார்க்கெட்டே திரும்பியது. பாய் ஓடி வந்தார்.

"கையைத் திற! திறடா!"

திறந்தார். நாற்றம் முகத்தில் அறைந்தது. வயிறு வெடித்துக் குழைந்த மத்தி, ஒரு கைப்பிடி.

"திருடறதா இருந்தா கீழ வஞ்சிரம் இருக்குதேக்கா. இந்த அழுவுன மத்திய எவன் திருடுவான்?" என்றார் சின்னப்பன். யாரோ சிரித்தார்கள்.

"பின்னே ஏன் ஒளிச்சு எடுக்கிறே?"

அவர் பாயைப் பார்த்தார். சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தது தெரிந்தது. "பாய் மூக்குல பட்டா பெட்டியே போச்சு. இந்த நீலக் கயிறு கட்டற அம்மா யாருன்னு தெரியாது, தெனமும் மேல இத்த வச்சி அனுப்புது. கலப்படம் பண்ணுதோ, புத்திதான் சரியில்லையோ. ஆனா அடியில இருக்கிற மீனு நல்ல மீனு. பாவம், ஒரு கை மத்திக்காவ அது பொழப்பு ஏன் போவணும்னு நான் வழிச்சிப் போட்டு, பெட்டிய அலம்பி உட்டுடுவேன். நான் தங்கவயலுக்குப் போற அன்னிக்கு வேற ஆளு தொறக்கும். அன்னிக்குத்தான் மாட்டிக்குது."

நான் மணிக்கட்டை விட்டேன். குழைந்த மத்திக்கு அடியில் ஒரு பூவரச இலை கறுத்துப்போய் ஒட்டியிருந்தது. அந்த இலையைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

எங்கள் துறையில் அதற்குக் கைமீன் என்று பெயர். பெட்டியைக் கட்டி முடித்ததும், ஐஸுக்கு மேலே பூவரச இலை போட்டு, அதில் ஒரு கைப்பிடி பொடிமீன் வைப்போம். பெட்டியைத் தூக்குகிறவர் லாரியில் ஏற்றுமுன் மூடியை நெம்பி அதை எடுத்துக்கொள்வார். அவர் வீட்டுக் குழம்புக்கு அது. வைக்கிறவள் சொல்ல மாட்டாள், எடுக்கிறவர் கேட்க மாட்டார். வாயால் சொன்னால் அது பிச்சை ஆகிவிடும், அதனால் அதைப் பற்றி யாரும் பேசவே கூடாது. போன வருஷம் குளிர்பதன வண்டி வந்தது. பெட்டிகளை இயந்திரம் தூக்கி அடுக்குகிறது. தூக்குகிற ஆட்களுக்கு வேலை போயிற்று, கைமீனும் நின்றது. நின்றுவிட்டது என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம். ஐஸுக்கு மேலே கிடக்கிற மத்தி துறையைத் தாண்டாத வரைக்கும்தான் தாங்கும். மூடிய பெட்டியில் பெங்களூர் வரை வந்தால் வயிறு வெடிக்காமல் என்ன செய்யும்?

சின்னப்பன் பெட்டியை அலம்ப இழுத்துப் போனதும், அங்கேயே நின்று அஞ்சலைக்குப் போன் போட்டேன்.

"அஞ்சல, நீ இன்னும் கைமீன் வைக்கிறியா?"

அவள் ஐஸ் உடைத்துக்கொண்டிருந்த சத்தம் நின்றது.

"அத வாயால கேக்கக் கூடாதேக்கா."

"கேக்காம இருந்தா உன் எடம் போயிடும். சொல்லு."

"வைக்கிறேன்." குரலைத் தாழ்த்திச் சொன்னாள், "எங்க வூட்டுக்காரரு தூக்குன காலத்துல அந்த மீனுலதாங்க்கா எங்க வூட்டு ஒல கொதிச்சுது. நம்ம தொறையில இப்ப ஆளு இல்ல, சரி. அங்க எறக்கற எடத்துல ஒருத்தர் தூக்குவாருல்ல? பெட்டி என்னா, தானா நடந்தா போவுது?"

இருந்தாலும் சொல்லித்தானே ஆக வேண்டும். இங்கே வருவதற்குள் மத்தி அழுகிவிடுகிறது, நாற்றமே அதனால்தான் என்றேன்.

"அப்ப அவரு ஒரு நாளும் திங்கவே இல்லியாக்கா?"

தன் இடத்தைப் பற்றி அவள் கேட்கவில்லை. இதைத்தான் கேட்டாள். இல்லை என்றேன். "சரிக்கா, மத்திய நிறுத்திடறேன்" என்று போனை வைத்துவிட்டாள்.

பாயிடம் மட்டும் கைமீன் விஷயத்தைச் சொன்னேன்; கேட்டுவிட்டுத் தாடியைத் தடவினார். "நாளைக்கு ஒரு பெட்டி சுத்தமா வரட்டும்மா. நானே உங்க குழுத் தலைவிகிட்டப் பேசறேன். நாளைக்கும் நாறுச்சுன்னா என்னால ஆவாது" என்றார்.

அன்று மாலை மல்லிகாவிடம் இதைச் சொன்னேன். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தாள். "எங்களுக்கும் தீபாவளிக்கு ஸ்வீட் பாக்ஸ் குடுக்கிறாங்கக்கா. போட்டோ எடுத்துட்டுத்தான் குடுப்பாங்க. போன வருஷம் நான் சிரிக்கலன்னு ரெண்டாவது தடவை எடுத்தாங்க" என்றாள்.

நாலாம் நாள் எல்லோருக்கும் முன்னால் போய் நின்றுவிட்டேன். வண்டி தாமதம். ஓசூரில் நெரிசல் என்றார்கள். குளிர்பதனத்தை டிரைவர் அணைத்து வைத்திருப்பானோ என்று ஒரு பயம். பழக்கதோஷத்தில் அஞ்சலை மத்தியை வைத்திருப்பாளோ என்று இன்னொரு பயம். அவள் கையை எனக்குத் தெரியும், அது சொன்ன பேச்சைக் கேட்கிற கை இல்லை.

நீலக் கயிறு இறங்கியது. எல்லோர் எதிரிலும் வைத்துச் சின்னப்பன் அவிழ்த்தார். பாய் மூடியைத் தூக்கிக் குனிந்து, மஃப்ளரை விலக்கி, மூச்சை நன்றாக இழுத்தார். நானும் குனிந்தேன். ஐஸும் கடலும் மட்டும்தான் மணத்தன.

பாய் அங்கேயே எங்கள் தலைவிக்குப் போன் போட்டார். "நீலக் கயிறு சுத்தம்மா. தப்பு அந்தம்மா மேல இல்ல. அவங்களை உக்கார வைங்க. அவங்க கட்டுற பெட்டிதான் எனக்கு வேணும்" என்று சொல்லிவிட்டுத் தராசுப் பக்கம் போனார். நான் கவிழ்ந்து கிடந்த ஒரு காலிப் பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டேன்.

சின்னப்பன் மேல் ஐஸை வழித்துக்கொண்டிருந்தார். அவர் கை நின்றது. ஐஸுக்குள்ளிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். பூவரச இலையில் சுற்றி, நாரால் கட்டியது. பிரித்தார். சங்கரா மீன், ஒன்றுதான், கை அகலம் இருக்கும். செதில் சீவி, குடலை எடுத்து, வயிற்றுக்குள் ஐஸை அடைத்து அனுப்பியிருந்தாள். மத்தியைத்தானே அவள் நிறுத்துவதாகச் சொன்னாள்.

"இது இன்னாக்கா, வேற மீனு?" என்று கேட்டபடி அதைத் தராசுக்கு எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

பேசக் கூடாது என்பது வழக்கம். பேசாவிட்டால் அது வஞ்சிரத்தோடு எடைக்குப் போய்விடும்.

"அது உங்களுக்கு" என்றேன்.

"எனக்கா?" நின்றுவிட்டார். என்னையும் மீனையும் மாறி மாறிப் பார்த்தார். மூன்று நாளாக நான் இந்த ஊரைப் பார்த்த அதே பார்வை. "எதுக்கு? அந்தம்மாவுக்கு இன்னா வேணுமாம்?"

"ஒண்ணும் வேணாம்."

"சொம்மா எவங்கக்கா குடுப்பான்? என்ன அதுக்குத் தெரியவே தெரியாதே."

"உங்களுக்கு மட்டும் அவளைத் தெரியுமா? இத்தனை நாளா எதுக்கு வழிச்சுப் போட்டீங்க?"

அவர் இலையை மறுபடி சுற்றி, நாரைக் கட்டினார். சத்தமில்லாமல் ஓரமாக வைத்துக்கொள்வார், அதுதான் முறை என்று நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அவர் பொட்டலத்தைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து, முந்தின நாள் நான் கத்தியதைவிடப் பலமாக, மார்க்கெட் முழுக்கக் கேட்கக் கத்தினார்: "பாய்! எனக்குக் கடல்லேர்ந்து மீன் வந்துகீது!"